முழு த்ராட்டிலில் முள் எங்கே நிற்கிறது?

மோட்டார் படகில் இன்ஜினின் வேகம் ஓட்டுபவர் கையில் இருப்பதாகத்தான் தோன்றும். வேகத்தைக் கூட்டும் கைப்பிடியான த்ராட்டிலை முழுவதும் தள்ளிவிட்டால் அந்த அதிகாரம் அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. அதன்பிறகு இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றலாம் என்பதைத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் புரொப்பெல்லர்தான் முடிவு செய்கிறது.

புரொப்பெல்லரை வாங்கும்போது 14 x 19 என்பதுபோல இரண்டு எண்கள் சொல்வார்கள். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். மரத்தில் இறங்கும் ஸ்க்ரூ மாதிரி வழுக்காமல் ஒரு சுற்று சுற்றினால் எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதுதான் பிட்ச்.

படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் ஒன்றை, 150 குதிரைத்திறன் கொண்டதை, எடுத்துக்கொள்வோம். கியர் விகிதம் 1.92. இன்ஜின் 5,700 சுற்றில் ஓடினால் புரொப்பெல்லர் சுமார் 2,970 சுற்று சுற்றும். 19 அங்குல பிட்ச்சுக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 86 கிலோமீட்டர் வரவேண்டும். ஆனால் படகு 75 போனாலே நல்ல பொருத்தம்தான். இந்த வித்தியாசத்துக்கு ஸ்லிப் என்று பெயர். 10 முதல் 20 சதவீதம் வரை இருப்பது சாதாரணம். அதை வெறும் நஷ்டமாக நினைக்க வேண்டாம். இறக்கைகள் தண்ணீரைக் கொஞ்சம் சாய்வாகச் சந்திப்பதால்தான் உந்துவிசை கிடைக்கிறது.

அப்படியானால் பிட்ச்சைக் கூட்டினால் வேகமும் கூடுமே? இன்ஜினில் மிச்ச சக்தி இருந்தால் கூடும். புரொப்பெல்லர் கேட்கும் சக்தி, சுற்று வேகத்தின் மூன்றாம் மடியை ஒட்டி ஏறுகிறது: 10 சதவீதம் வேகமாகச் சுற்ற ஏறக்குறைய 33 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். புரொப்பெல்லர் கேட்பதும் இன்ஜின் தரக்கூடியதும் சமமாகும் இடத்தில் சுற்று வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள் நின்றுவிடும். பிட்ச் பெரிதானால் அந்த இடம் கீழே இறங்கும், சிறிதானால் மேலே ஏறும். ஓர் அங்குலத்துக்கு 150 முதல் 200 சுற்று என்பது படகுக்காரர்களின் தோராயக் கணக்கு.

முழு த்ராட்டிலில் முள் எந்த எல்லைக்குள் நிற்கவேண்டும் என்று இன்ஜின் தயாரிப்பாளரே சொல்லிவிடுவார். பல நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளுக்கு அது 5,000 முதல் 6,000 வரை. மேல் எல்லையைத் தாண்டினால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். பிஸ்டனின் நிலைமவிசை வேகத்தின் இருமடியில் ஏறுவதால், 10 சதவீதம் கூடுதலாகச் சுற்றினாலே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு 21 சதவீதம் கூடுதல் விசையைத் தாங்க வேண்டும். பெரும்பாலான புதிய இன்ஜின்களில் இதைத் தடுக்க ரெவ் லிமிட்டர் உண்டு.

கீழ் எல்லைக்குத்தான் அப்படி ஒரு காவல் இல்லை, அதனால் எனக்கு அதுவே பெரிய கவலை. த்ராட்டில் முழுக்கத் திறந்தும் முள் 4,600-ஐத் தாண்டாவிட்டால், சிலிண்டர் நிறையக் காற்றும் எரிபொருளும் புகுகின்றன, பிஸ்டனோ மெதுவாக நகர்கிறது. எரியாத கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் அதிக நேரம் கிடந்து தானே வெடிக்கலாம். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான். சத்தம் பெரிதாக இல்லாததால் இன்ஜின் அலுங்காமல் ஓடுவதாக நினைத்துக்கொண்டே பிஸ்டனைக் கெடுத்துவிடலாம்.

சோதனையை வழக்கமான ஆட்கள், சாமான், எரிபொருளோடு செய்யவேண்டும். காலிப் படகில் சோதிப்பதானால், முள் மேல் எல்லையை ஒட்டி நிற்கும்படி புரொப்பெல்லரைப் பொருத்துவதுதான் நல்லது. சுமை ஏறும்போது முள் தானே இறங்கும்.

இடம் மாறினாலும் கணக்கு மாறும். கலிஃபோர்னியா, நெவாடா எல்லையில் உள்ள தாஹோ ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழப்பதால், அங்கே கிட்டத்தட்ட 19 சதவீதம் போய்விடும். கடல் மட்டத்தை ஒட்டிய சாக்ரமென்டோ டெல்டாவில் 5,700 காட்டிய படகு தாஹோவில் 5,300-ஐ ஒட்டி நின்றுவிடும். காற்று மெலிந்திருப்பதால் அங்கே நாக்கிங் பயம் குறைவு. ஆனால் ஆட்களை ஏற்றினால் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர்மேல் எழும்பி ஓடமுடியாமல் திணறும். 19-ஐக் கழற்றி 17 அங்குலத்தைப் போட்டால் இழந்த சுற்றுகள் திரும்ப வந்துவிடும், இழந்த குதிரைத்திறன் வராது. அதே 17-ஐ மாற்றாமல் டெல்டாவுக்குத் திரும்பினால் முள் 6,100 வரை போகும் என்பதால், இரண்டு இடத்திலும் ஓட்டுபவர் இரண்டு புரொப்பெல்லர் வைத்துக்கொள்வதுதான் மலிவு.