பாரிசவாதத்தின் பின் மறைந்துபோகும் இடப்பக்கம்

பாரிசவாதம் வந்து மூன்று வாரங்களின் பின்னர் தம் கணவரை எங்கள் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துவந்த, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைச் சேர்ந்த பெண்ணொருவர், அவருடைய கண்ணைச் சோதிக்க வேண்டும் என்றே முதலில் கேட்டார். "இடப்பக்கம் நிண்டு கூப்பிட்டா கிறுகியும் பாக்காரில்ல மிஸ், கோவமோ தெரியா" என்பது அவருடைய முறைப்பாடு. வயலும் மாடுமாக வாழ்ந்த அந்த ஐயா, சோற்றுக்கோப்பையின் வலப்பாதியை மட்டும் உண்டுவிட்டு, மீன் வைக்கவில்லையே என்று மனைவியைக் கடிந்துகொண்டாராம். மீன் இருந்தது இடப்பக்கத்தில். கோப்பையை அரைவட்டம் திருப்பி வைத்ததும், அப்போதுதான் பரிமாறப்பட்டதுபோல அதை எடுத்து உண்டார் என்று அவர் சொன்ன சிறு செய்தி, நான் செய்யவிருந்த பரிசோதனைகளின் முடிவை முன்னரே சொல்லிவிட்டது.

ஐயாவின் கண்களில் குறையில்லை. மூளையின் வலப்பக்கத்தில் ஏற்பட்ட பாதிப்பினால், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருடைய கவனத்துக்கு வரவில்லை. இதனை நாங்கள் ஒருபக்கப் புறக்கணிப்பு என்கிறோம். வேண்டுமென்றே அலட்சியம் செய்வதுபோல ஒலிப்பதால் இச்சொல் எனக்கு அவ்வளவு உவப்பானதன்று.

கண் திறந்திருந்தால் பார்வை தானாக நிகழ்கிறது என்று எண்ணுகிறோம். உண்மையில், கையை நீட்டிப் பிடித்தால் பெருவிரலின் அகலம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு சிறிய பரப்பையே, அதாவது ஏறக்குறைய 2 பாகையையே, விழித்திரையின் நடுக்குழி கூர்மையாகக் காண்கிறது. மற்றவற்றைக் காண்பதற்காகக் கண் ஒரு செக்கனில் ஏறத்தாழ மூன்று முறை இடம்விட்டு இடம் தாவுகிறது. அடுத்த தாவல் எங்கே என்பதைத் தீர்மானிப்பது மூளை. சந்தைக் கூட்டத்தில் மகளைத் தேடுவதுபோல நாமாகத் தேடும்போது, உச்சந்தலைக்குக் கீழே சற்றுப் பின்புறமாக உள்ள சுவர்ச்சோணையின் மேற்பகுதியும், நெற்றிக்குப் பின்னுள்ள நுதற்சோணையில் கண்ணசைவை ஆளும் பகுதியும் சேர்ந்து இயங்குகின்றன. எதிர்பாராமல் ஒன்று குறுக்கிடும்போது கவனத்தை அங்கே இழுக்கும் வலைப்பின்னல் வேறு. அது காதுக்குச் சற்று மேலும் பின்னுமாக உள்ள பகுதியை மையமாகக் கொண்டது, பெரும்பாலும் வல மூளையையே சார்ந்தது. அதோடு, இட மூளை முக்கியமாக வலப்பக்கத்தை மட்டுமே கவனிக்க, வல மூளை இருபக்கங்களையும் கவனிக்கிறது என்பது நெடுங்காலமாக முன்வைக்கப்படும் விளக்கம். ஆகவே இட மூளை பழுதுபட்டால் ஈடுகட்ட வல மூளை இருக்கிறது. வல மூளை பழுதுபட்டாலோ இடப்பக்கத்தைக் கவனிக்க ஆளில்லை.

1978இல் பிசியாக், லுட்சாட்டி என்ற இத்தாலிய ஆய்வாளர்கள், மிலான் நகரின் பேராலயச் சதுக்கத்தை மனக்கண்ணால் கண்டு விவரிக்கும்படி இத்தகைய நோயாளர் இருவரைக் கேட்டார்கள். எந்த முனையில் நிற்பதாகக் கற்பனை செய்தாலும், அங்கிருந்து வலப்புறமாக வரும் கட்டடங்களையே அவர்கள் பெரிதும் சொன்னார்கள். நான் ஐயாவை மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் பேருந்தில் போகச் சொன்னேன், மனத்தளவில்தான். வாவிப்பக்கத்து ஒழுங்கைகளும் தோணித்துறைகளும் வாவிக்கப்பால் தெரியும் தம் கரையும் வந்தன, இடப்பக்கத்துக் கடல் வரவேயில்லை. கல்முனையிலிருந்து திரும்பி வரச் சொன்னபோது கடலும் வாடிகளும் வந்தன, இப்போது இடப்பக்கமாகிவிட்ட வாவி காணாமற் போயிற்று. அருகிலிருந்த மனைவி அழத் தொடங்கிவிட்டார். கோபமில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

பாரிசவாதத்தால் பார்வைப்புலத்தின் பாதியையே இழப்பவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் அந்தக் குறையை உணர்ந்து தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகுவார்கள். புறக்கணிப்பு உள்ளவரோ தமக்குக் குறையிருப்பதையே அறியாதிருப்பது வழக்கம். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்தும் வரலாமாகையால் கண் பரிசோதனை வீணன்று, எனினும் கண்ணாடி மாற்றுவதோடு நின்றுவிடக்கூடாது. முகத்தின் இடப்பாதியில் சவரம் செய்யாதிருத்தல், சட்டையின் இடக்கையை மாட்டாமல் விடுதல், சக்கர நாற்காலியை இடப்புறக் கதவுநிலையில் மோதுதல் ஆகியன வீட்டார் கண்டு எங்களிடம் சொல்ல வேண்டியவை.

இடப்பக்கம் நின்று உரத்துக் கூப்பிடுவதால் பயனில்லை. முதலில் வலப்பக்கமாக வந்து அவருடைய பார்வையைப் பெற்று, பேசிக்கொண்டே மெல்ல இடப்பக்கத்துக்கு நகர்ந்து அவரை அழைத்துச் செல்ல வேண்டும். கோப்பையின் இடவிளிம்பிலும் பத்திரிகையின் இட ஓரத்திலும் சிவப்புப் பட்டி ஒட்டி, "சிவப்பு தெரியும்வரை பாருங்கள்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிப் பழக்குகிறோம். அலுப்பான வேலைதான். முதல் மூன்று மாதங்களில் பலர் வெகுவாகத் தேறுகிறார்கள், சிலருக்கு இக்குறை நீடிக்கிறது.

நடக்கத் தொடங்கியவர்களைப் பற்றியே எனக்கு அச்சம் அதிகம். மோட்டார் சைக்கிளைக் கொடுக்கக்கூடாது என்பதை எல்லா வீட்டாரும் ஏற்றுக்கொள்கிறார்கள், கடைவரைக்கும் நடந்து போவதைத்தான் யாரும் தடுப்பதில்லை. நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறமாக ஓடுவதால், வீதியைக் கடப்பவருக்கு முதற்பாதியில் வாகனம் வலப்பக்கத்திலிருந்தே வருகிறது. அதை அவர் சரியாகப் பார்த்து, காத்திருந்து, கவனமாகவே இறங்குவார். வாசலில் நின்று பார்க்கும் மகனுக்கு "அப்பா நல்லாத்தான் கடக்கிறார்" என்று தோன்றும். நடுக்கோட்டைத் தாண்டிய பின் வாகனம் வருவது இடப்பக்கத்திலிருந்து.