பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்கும் முன் மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றிக் கொஞ்சம்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா ஒரு மாத்திரை டப்பாவை என் கையில் கொடுத்து, "ஏம்மா, நீ இதைத்தானே படிச்ச, இது நல்லதுதானே?" என்று கேட்டார். மேலே ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று பெரிய எழுத்து. கீழே பொடி எழுத்தில் பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு நிறம் தரும் சத்து), வைட்டமின் இ, வைட்டமின் சி, செலினியம். பெரியப்பாவுக்கு 68 வயது. 30 வருடம் பீடியும் சிகரெட்டும் பிடித்து, 8 வருடத்துக்கு முன்னால் ஒரேயடியாக விட்டவர். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் இல்லை, காலையில் நடக்கப் போகும் இடத்தில் யாரோ சொல்லி வாங்கியது. "சத்து மாத்திரைதானே, சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்" என்று என்னால் அவரிடம் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அவரைப் போலப் புகையை விட்டவர்கள் நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள்.

நான் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், மைட்டோகாண்ட்ரியாதான் என் தினசரி வேலை. செல்லுக்குள் இருக்கும் இந்தச் சின்ன உறுப்பு, சாப்பாட்டிலிருந்து பிரித்த எலக்ட்ரான்களைக் கை மாற்றிக் கை மாற்றிக் கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறது. நாம் மூச்சு விடுவதே பெரும்பாலும் இதற்காகத்தான். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 4 எலக்ட்ரானும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அது தண்ணீராகிவிடும். ஆனால் வழியில், முக்கியமாக எலக்ட்ரான்கள் கை மாறும் சங்கிலியின் ஒன்றாவது, மூன்றாவது புரதக் கூட்டுகளில், ஒரே ஒரு எலக்ட்ரான் நழுவி ஆக்சிஜன்மேல் ஒட்டிக்கொண்டால் சூப்பர்ஆக்சைடு உண்டாகும். அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறும், பக்கத்தில் இரும்பு அயனி கிடைத்துவிட்டால் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்கிற, தொட்டதையெல்லாம் கெடுக்கிற ஒன்றாகவும் மாறும். இந்தக் கூட்டத்துக்கு மொத்தமாக ஆர்ஓஎஸ், அதாவது வேகமாக வினைபுரியும் ஆக்சிஜன் வகைகள், என்று பெயர்.

1956இல் அமெரிக்காவில் டென்ஹாம் ஹார்மன், முதுமைக்குக் காரணமே இந்த ராடிக்கல்கள்தான் என்றார். இரும்பு துருப்பிடிப்பது மாதிரி உடம்பும் துருப்பிடிக்கிறது, துருவைத் தடுக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரையைப் போட்டால் போதும் என்று அது ஜனங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. கேட்க எளிதாக இருப்பதால் விற்கவும் எளிது.

அப்புறம் இன்னொரு வரி. "நாம் இழுக்கும் ஆக்சிஜனில் 2 சதவீதம் விஷ ராடிக்கலாக மாறுகிறது." பாடப் புத்தகத்திலும் பார்த்திருக்கிறேன், விளம்பரத்திலும் பார்த்திருக்கிறேன். இது எங்கிருந்து வந்தது என்றால், 1970களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆல்பெர்ட்டோ போவரிஸும் பிரிட்டன் சான்ஸும், உடம்பிலிருந்து பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவைக் குழாயில் வைத்து, எரிபொருளையும் ஆக்சிஜனையும் அள்ளிக் கொடுத்து, ஏடிபி என்ற சக்தி மூலக்கூறைச் செய்யத் தேவையான மூலப்பொருளை மட்டும் கொடுக்காமல் அளந்த அளவு அது. உயிரோடு நடமாடும் மனிதனுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. 2002இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் பிராண்டின் குழு, இதய மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கொழுப்பை எரிபொருளாகக் கொடுத்து அளந்தபோது, அதிகபட்சமே 0.15 சதவீதம் என்றுதான் வந்தது.

இதை நானே கண்ணால் பார்த்திருப்பதால் சொல்கிறேன். எலியின் கல்லீரலைப் பனிக்கட்டிமேல் வைத்துக் கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கி, சர்க்கரைக் கரைசலில் ரத்தம் போகும்வரை அலசி, கண்ணாடிக் குழாயில் டெஃப்லான் தண்டால் மெதுவாக அரைத்து, சென்ட்ரிஃப்யூஜில் இரண்டு மூன்று தடவை சுற்றினால், அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு வில்லை படியும். அதுதான் மைட்டோகாண்ட்ரியா. சில மணி நேரத்துக்குள் எல்லா அளவீட்டையும் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். அதில் கொஞ்சம் எடுத்து, பெராக்சைடு பட்டால் இளஞ்சிவப்பாக மாறும் ஒரு சாயத்தோடு சேர்த்து, சக்சினேட் என்ற எரிபொருளைக் கொடுத்தால், திரையில் கோடு விறுவிறுவென்று மேலே ஏறும். இப்போது ஏடிபி செய்யத் தேவையான அந்த மூலப்பொருளை ஒரு சொட்டு விடுகிறேன், அதாவது மைட்டோகாண்ட்ரியாவை வேலை செய்ய விடுகிறேன். ஆக்சிஜன் செலவு பல மடங்கு கூடுகிறது, ஆனால் பெராக்சைடு கோட்டின் ஏற்றம் அப்படியே தணிந்துவிடுகிறது! அதிகம் வேலை செய்தால் அதிகம் கசியும் என்று நினைத்துக்கொண்டு வரும் மாணவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் திகைத்து நிற்பார்கள். எலக்ட்ரான் போக வழியில்லாமல் நெரிசலில் தேங்கும்போதுதான் அதிகம் நழுவுகிறது, வழி திறந்துவிட்டால் குறைகிறது.

அளவிடுவதிலும் எவ்வளவு தவறு நடக்கும் என்று சொல்ல வேண்டும். அந்தச் சாயத்தை வெளிச்சத்தில் வைத்தாலே தானாகச் சிவக்கும். கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி, பெராக்சைடு துளியும் இல்லாமலே அதைச் சிவக்க வைக்கும். அதனால் பெராக்சைடை அழிக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்து, அப்போது சிவப்பது நின்றுவிடுகிறதா என்று பார்க்காமல் எந்த எண்ணையும் நோட்டில் எழுதாதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் அதையே சொல்லிக் கொடுக்கிறேன். "எங்கள் பொடி ராடிக்கலை இத்தனை சதவீதம் அழிக்கிறது" என்று குழாயில் எடுத்த எண்ணை டப்பாமேல் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். உணவுகளின் ஆன்டி ஆக்ஸிடன்ட் மதிப்பெண்களைப் பட்டியலிட்டு வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறையே, குழாயில் வரும் எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் காட்ட முடியவில்லை என்று 2012இல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது.

உடம்பு ஆர்ஓஎஸ்ஸை எப்படிச் சமாளிக்கிறது? பெரும்பாலும் நொதிகளை வைத்துத்தான். 1969இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பர்ஆக்சைடை அழிக்கும் நொதியைக் கண்டுபிடித்தார்கள். வைட்டமின் சி சூப்பர்ஆக்சைடோடு வினைபுரியும் வேகத்தைவிட இந்த நொதியின் வேகம் ஏறக்குறைய 10,000 மடங்கு. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் இதன் வகையை மரபணுவிலேயே நீக்கிய எலிக்குட்டிகள், 1995இல் வந்த ஆய்வில், இதயம் வீங்கி, பிறந்த 10 நாளுக்குள் இறந்துபோயின. அப்படியானால் ஆர்ஓஎஸ் ஆபத்து என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அதே ஆர்ஓஎஸ்ஸை நம் வெள்ளை அணுக்கள் வேண்டுமென்றே தயாரித்துத்தான் கிருமிகளைக் கொல்கின்றன. அதைத் தயாரிக்க முடியாமல் பிறக்கும் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று வரும். செல்கள் தங்களுக்குள் செய்தி சொல்லிக்கொள்ளவும் பெராக்சைடு வேண்டும்.

2009இல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவின் குழு, இளைஞர்களை 4 வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்து, பாதிப் பேருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் இயும் கொடுத்தது. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது, சாப்பிட்டவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதே மாதிரி சொல்லவில்லை, ஆனாலும் ஜிம்முக்குப் போகிறேன் என்று பெரிய அளவு மாத்திரையை விழுங்குகிறவர்களுக்கு இதைத் தெரிவிப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

இப்போது பெரியப்பாவின் டப்பாவுக்கு வருகிறேன். காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு, ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கு, நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கவனித்த பிறகு, பின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களைச் சேர்த்துப் பல வருடம் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. அமெரிக்காவில் புகை பிடிப்பவர்கள், பிடிப்பதை நிறுத்தியவர்கள், ஆஸ்பெஸ்டாஸில் வேலை செய்தவர்கள் என்று 18,314 பேரிடம் நடந்த சோதனையில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ சேர்த்துக் கொடுத்தார்கள், அங்கே 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில், 21 மாதம் முன்னதாகவே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். புகை பட்ட நுரையீரலில் பீட்டா கரோட்டினே ஆக்சிஜனேற்றமாகி உடைந்து, அந்தத் துண்டுகள் கெடுதல் செய்கின்றன என்பது ஒரு முக்கியமான விளக்கம்.

வைட்டமின் இயும் இதற்கு விலக்கில்லை. 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த செலக்ட் என்ற சோதனையில், தினம் 400 யூனிட் வைட்டமின் இ மட்டும் எடுத்தவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011இல் வந்தது.

எல்லா மாத்திரையையும் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. பாராசிட்டமால் அளவுக்கு மீறி உள்ளே போனவருக்கு, தீர்ந்துபோன குளூட்டாதயோனை, அதாவது உடம்பே செய்துகொள்ளும் ஆன்டி ஆக்ஸிடன்டை, மீட்டுக் கல்லீரலைக் காப்பாற்றுவது அசிட்டைல் சிஸ்டீன் என்ற மருந்துதான். விழித்திரை நடுப்பகுதி தேய்வு குறிப்பிட்ட கட்டத்தில் இருந்தால் கண் டாக்டர்கள் ஒரு வைட்டமின் கூட்டைக் கொடுப்பார்கள், அதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டின் பழைய வகையில் பீட்டா கரோட்டின் இருந்தது. 2013இல் வந்த ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்களிடம், அதிலும் முக்கியமாகப் புகை பிடிப்பதை விட்டவர்களிடம், நுரையீரல் புற்றுநோய் அதிகம் தெரிந்ததால், இப்போது அதற்குப் பதில் லூட்டின், ஸியாசாந்தின் என்ற நிறமிகளைச் சேர்க்கிறார்கள். எப்போதோ விட்டுவிட்டோமே என்று நினைக்காமல் டாக்டரிடம் பழைய கணக்கையும் சொல்லிவிடுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கேரட்டு, பப்பாளி எல்லாம் சாப்பிடக் கூடாதா?" என்றார். தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றேன். தட்டில் வரும் அளவு வேறு, மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரையின் அளவு வேறு, அந்தச் சோதனைகள் எல்லாம் மாத்திரையைப் பற்றித்தான். டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டார். ஒரு தாளில் 'பீட்டா கரோட்டின்' என்று பெரிதாக எழுதி, கீழே '30 வருடம் புகை, விட்டு 8 வருடம்' என்றும் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதையும் காட்டச் சொல்லியிருக்கிறேன்.