பிறர் சொன்னதை ஆங்கிலம் எடுத்துரைக்கும் முறை

சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 மாணவர்கள் எழுதும் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் ஆங்கிலத் தாளில், நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் வினா வருவது வழக்கம். ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும், ‘ஹியர்’ என்பது ‘தேர்’ ஆகும், ‘டுமாரோ’ என்பது ‘த நெக்ஸ்ட் டே’ ஆகும் என்று பிள்ளைகள் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். பட்டியல் தேர்வுக்கு உதவும். ஆனால் இந்த மாற்றங்கள் ஏன் நிகழ்கின்றன என்பதை அது சொல்லித் தருவதில்லை.

நான், நீ, இங்கே, நாளை போன்ற சொற்கள் யாரை, எதைச் சுட்டுகின்றன என்பது, பேசுபவர் யார், எங்கே, எப்போது பேசுகிறார் என்பதைப் பொறுத்தது. லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வெள்ளிக்கிழமை மீனா குமாரிடம், ‘ஐ வில் மீட் யூ ஹியர் டுமாரோ’ என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை ஜூரோங்கில் இருந்தபடி அதை எடுத்துரைப்பவர், ‘ஷீ டோல்ட் ஹிம் தட் ஷீ வுட் மீட் ஹிம் தேர் த நெக்ஸ்ட் டே’ என்பார். இடமும் காலமும் ஆளும் இப்போது மீனாவின் நிலையிலிருந்து அல்லாமல், எடுத்துரைப்பவரின் நிலையிலிருந்து அளக்கப்படுகின்றன. அதே வெள்ளிக்கிழமை மாலை, அதே நிலையத்தில் நின்றுகொண்டு சொன்னால் ‘ஹியர்’, ‘டுமாரோ’ இரண்டையும் மாற்ற வேண்டியதில்லை. ‘வில்’ கூட அப்படியே நிற்கலாம். பட்டியலை மட்டுமே நம்பும் மாணவருக்கு இது பிழையாகத்தான் தோன்றும்.

தமிழின் வழி வேறு. ‘நாளை உன்னை இங்கே சந்திக்கிறேன் என்று மீனா சொன்னாள்’ என்றால், ‘என்று’ அவளுடைய பேச்சை அவளுடைய நாளோடும் இடத்தோடும் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. ‘தான் வருவதாகச் சொன்னாள்’ என்று அயற்கூற்றாக்கினாலும் ‘வருவதாக’ என்பதில் எதிர்காலம் குலைவதில்லை, ஏனெனில் அது அவள் சொன்ன நேரத்திலிருந்து அளக்கப்படுகிறது. ஆகவே, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை ‘ஹி ஸெட் தட் ஐ வில் கம்’ என்று எழுதினால், அதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. தமிழின் ஒழுங்கு அதற்குள் இருக்கக்கூடும். தெளிவில் தமிழ் முந்தும் இடமும் உண்டு. ‘மீனா டோல்ட் ராணி தட் ஷீ ஹேட் வன்’ என்றால் வென்றவள் மீனாவா ராணியா என்று தெரியாது. ‘தான் வென்றதாக’ என்றால் அந்த ஐயம் எழுவதே இல்லை.

எடுத்துரைக்கும் வினைச்சொல்லும் தன் பங்குக்குப் பொருள் சேர்க்கிறது. வாடகை கட்டிவிட்டதாக ஒருவர் சொன்னதை ‘ஸெட்’ என்று எழுதினால் எழுதுபவர் எந்தப் பக்கமும் சாய்வதில்லை; ‘க்ளெய்ம்ட்’ என்று எழுதினால் அந்தப் பேச்சின் உண்மைக்குத் தாம் பொறுப்பில்லை என்று உணர்த்திவிடுகிறார். ‘அட்மிட்டட்’ என்றாலோ, சொல்லத் தயங்கிய உண்மை வெளிவந்தது என்று பொருளாகிறது. செய்தி எழுதுவோர் இந்த வேறுபாட்டில் மிகுந்த கவனம் வைக்க வேண்டும்.

இவ்வினைகளின் அமைப்பும் ஒன்றுபோல் இல்லை. ‘டெல்’ கேட்பவரைக் குறிப்பிடச் சொல்லும், ‘ஸே’ அவ்வாறு வற்புறுத்தாது. ‘ப்ராமிஸ்’ தனக்குப்பின் ‘டு’ ஏற்கும், ‘டினை’ ஏற்காது. ‘ஹி ஸஜெஸ்டட் மீ டு கோ’ என்று சிலர் எழுதுகிறார்கள். ‘ஹி ஸஜெஸ்டட் தட் ஐ கோ’ என்பதே சரி.