வெந்நீர் மாடியில் இருக்க, மெஷின் ஏன் பச்சைத் தண்ணீர் கேட்கிறது?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருக்கிறோம். வெயில் காலத்தில் பாதி வெந்நீர் செலவாவதே இல்லை. புதிதாக வாங்கிய ஃபிரண்ட் லோட் வாஷிங் மெஷினில் தண்ணீர் போக ஒரே ஒரு வாய்தான். பச்சைத் தண்ணீரை வாங்கி, கரண்டைச் செலவழித்து அதுவே சூடாக்கிக்கொள்கிறது. பழைய டாப் லோடில் வெந்நீருக்குத் தனி வாய் இருந்தது. இதென்ன முன்னேற்றம்?”

நியாயமான கேள்வி. ஒரு வால்வும் ஒரு குழாயும் குறைந்தால் தயாரிப்பவருக்குச் செலவு மிச்சம், அதையும் மறுக்க முடியாது. இருந்தாலும் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு 15 மீட்டர் குழாய் வருகிறது என்று வையுங்கள். முக்கால் இஞ்ச் குழாயில் மீட்டருக்குச் சுமார் 0.3 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆக, குழாயை நிறைத்துக்கொண்டு ஏறக்குறைய 5 லிட்டர் ஆறிய தண்ணீர். வால்வு திறந்ததும் முதலில் வருவது இதுதான். ஃபிரண்ட் லோட் மெஷின் சோப்புப் போட்டுத் துவைக்க எடுத்துக்கொள்வதே 12 லிட்டர் போலத்தான், அரை வாளிக்குக் கொஞ்சம் அதிகம். அதையும் ஒரே மூச்சில் எடுக்காது. கொஞ்சம் எடுக்கும், துணியைப் புரட்டும், ஊறியதும் இன்னும் கொஞ்சம் எடுக்கும். வெந்நீர் இறங்கி வந்து சேரும் நேரத்தில் வால்வு மூடிவிடும். வந்த வெந்நீர் குழாயிலேயே நின்று ஆறும்.

28 டிகிரியில் இருக்கும் 12 லிட்டரை 40 டிகிரிக்குக் கொண்டுபோக 0.17 யூனிட் போதும். துணியும் டிரம்மும் சூடாவதைச் சேர்த்தால் கால் யூனிட்டை நெருங்கும். குழாயில் 60 டிகிரியில் நின்றுபோகும் 5 லிட்டரில் எவ்வளவு சூடு இருக்கிறது? சுமார் 0.19 யூனிட். தண்ணீருக்குத் தேவைப்பட்டதைவிடக் குழாயில் வீணாவது அதிகம்! உங்களுடையது வெயில் தந்த சூடு, காசு போகாது. பிரிட்டனில் அந்தச் சூட்டைப் பெரும்பாலும் கேஸ் எரித்துப் பெறுகிறார்கள். அங்கே முன்பெல்லாம் மெஷினுக்குச் சிவப்பு, நீலம் என்று இரண்டு குழாய்கள் இருந்தன. மெஷின் குடிக்கும் தண்ணீர் குறையக் குறைய, வெந்நீர்க் குழாயால் கிடைத்த லாபமும் கரைந்துபோனது. இன்று விற்பவை அநேகமாக எல்லாமே ஒற்றைக் குழாய். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். 2 கிலோவாட் ஹீட்டரைச் சாதாரண பிளக்கில் ஓட்டுவது அங்கே சிரமம். அதனால் அவர்கள் வெந்நீர்க் குழாயை விடவில்லை. நம்முடையது 230 வோல்ட், ஒரு 16 ஆம்பியர் பிளக் போதும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது.

சின்ன வயதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், அம்மா காயத்துக்கு மருந்து போட்ட கையோடு ரத்தம் பட்ட சட்டையைப் பச்சைத் தண்ணீரில் போடுவார். “வெந்நீர் படக்கூடாது, கறை பிடிச்சுக்கும்” என்பார். முட்டையை வேகவைத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். ரத்தம், பால், முட்டை எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. சூடு பட்டால் புரதம் மடிப்புக் குலைந்து, ஒன்றோடொன்று சிக்கி உறையும். நூலிழைக்கு நடுவே அப்படி உறைந்தால் போயே போகாது.

அந்தப் புரதத்தை நறுக்கத்தான் சலவைத் தூளில் நொதிகள் சேர்க்கிறார்கள். முக்கியமானது சப்டிலிசின், பாசில்லஸ் வகைப் பாக்டீரியாக்கள் சுரப்பது. இதுவும் ஒரு புரதம்தான்: 275 அமினோ அமிலங்கள் கோத்த சரம். இதன் வெட்டும் வாய் மூன்றே மூன்று அமினோ அமிலங்களால் ஆனது. சரத்தில் 32ஆவது இடத்தில் ஒன்று, 64இல் ஒன்று, 221இல் ஒன்று. எங்கெங்கோ கிடக்கும் இந்த மூன்றும், சரம் சரியாக மடியும்போது பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காருகின்றன. 64இல் இருக்கும் ஹிஸ்டிடின், 221இல் இருக்கும் செரினிடமிருந்து ஒரு ஹைட்ரஜனை வாங்கிக்கொள்கிறது. 32இல் இருக்கும் அஸ்பார்டேட் ஹிஸ்டிடினைப் பிடித்து நிறுத்துகிறது. ஹைட்ரஜனை இழந்த செரின் கறைப் புரதத்தின் பிணைப்பில் பாய்கிறது, சங்கிலி அறுகிறது. ஒரு துண்டு உடனே விலகும், மறு துண்டு செரினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து அதையும் விடுவிக்க, மூன்றும் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த வெட்டுக்குத் தயார். நம் குடலில் கறியைச் செரிக்கும் கைமோட்ரிப்சினிலும் இதே மூவர்தான். ஆனால் இரண்டு நொதிகளுக்கும் வம்சாவளியில் தொடர்பே இல்லை. பரிணாமம் இரு வேறு வழிகளில் நடந்து ஒரே கத்தரிக்கோலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

இப்போது சூட்டுக்கு வருவோம். சூடு கூடக் கூட நொதியின் வேகம் கூடும். ஓர் அளவைத் தாண்டினால் அதன் மடிப்பே குலைந்து, மூன்றும் பழையபடி ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடும். எடுத்த எடுப்பில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டால் கறையும் உறையும், கத்தரியும் வீணாகும். பச்சைத் தண்ணீரில் தொடங்கும் மெஷினில் தூள் நிதானமாகக் கரைகிறது, கறை இளகுகிறது. 2 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு அதிகம் போனால் 2 டிகிரி ஏற்றும். 30, 40 என்று ஏறும் அந்த நேரத்தில் நொதி முழு மூச்சாக வெட்டுகிறது. நெய்ப் பிசுக்கும் அந்தச் சூட்டில் உருகிவிடும். அம்மா சொன்னதைத்தான் மெஷின் செய்கிறது.

சப்டிலிசினின் வடிவத்தை 1969இல் எக்ஸ்ரே மூலம் கண்டார்கள். இப்படி மூலக்கூறு மூலக்கூறாகப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு இங்கே பணம் ஒதுக்கக் கேட்டால், ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்கிறார்கள். அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தோலிலிருந்து மயிர் நீக்கச் சுண்ணாம்புக்கும் சல்பைடுக்கும் பதிலாக நொதிகளைப் பயன்படுத்தும் வழிகளை ஆராய்ந்திருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். இந்த வேலைகளுக்கு ஆண்டுதோறும் தடையில்லாமல் பணம் வர வேண்டும்.

சரி, வாசகிக்கு. சோலார் குழாயை அந்த ஒற்றை வாயில் நேராக மாட்டிவிடாதீர்கள். அலசும் தண்ணீரும் வெந்நீராகவே வரும், அலசுவதற்குச் சூடு தேவையே இல்லை. கோடையில் சோலார் தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டும், வால்வும் ரப்பரும் அதற்குத் தாங்காமல் போகலாம். படுக்கை விரிப்பு, குழந்தைத் துணி என்று அடிக்கடி 60 டிகிரியில் துவைக்கிற வீடு என்றால், அடுத்த முறை இரண்டு வாய் உள்ள மெஷினாகப் பார்க்கலாம். ஹீட்டரே இல்லாத டாப் லோடுக்கு வெந்நீர் வாய் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று. கத்திரி வெயிலில் மதியம் 2 மணிக்கு எங்கள் வீட்டு மாடி டேங்க் தண்ணீரில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன்: 41 டிகிரி. அந்த நேரத்தில் 40 டிகிரி சலவைக்கு ஹீட்டர் போடவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பிள்ளையின் சட்டையில் ரத்தக் கறை இருந்தால், அந்த மாதத்தில் மட்டும் விடிகாலையில் மெஷினைப் போடுங்கள். பொறுக்க முடியாது என்றால் பானைத் தண்ணீரில் நனைத்து வையுங்கள்.