அந்தக் குஞ்சு விழவில்லை, இறங்கியிருக்கிறது

அடிபட்ட வேட்டைப் பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கிற என்னிடம் இந்தப் பருவத்தில் வந்ததில் இது ஏழாவது. கம்பிக் கூண்டுக்குள் ஓர் இளம் பருந்து. கொண்டுவந்தவர் பறவைகள் மீது உண்மையான பிரியம் உள்ளவர். கூட்டைத் தானே கண்டுபிடித்து, பைனாகுலரோடு தினமும் போய்ப் பார்த்திருக்கிறார். ஒருநாள் குஞ்சு மரத்தடியில் உட்கார்ந்திருந்ததாம். தாய் கைவிட்டுவிட்டது என்று வீட்டுக்குத் தூக்கிப்போய் மூன்று வாரம் எலும்பில்லாத கோழிக்கறி ஊட்டியிருக்கிறார். என் மேசைக்கு வந்தபோது அதன் கால் எலும்புகள் வில்லாக வளைந்திருந்தன. எலும்பும் தோலும் ரோமமுமாக முழு எலியைத் தின்ன வேண்டிய உயிருக்கு வெறும் சதையைக் கொடுத்தால் வேறென்ன ஆகும்? வலியில்லாமல் சாகவிடுவதுதான் என்னால் முடிந்தது. அவர் அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது.

நன்றாகப் பறக்கத் தெரிந்த பிறகுதான் குஞ்சு கூட்டை விட்டு வரும் என்று யார் சொன்னது? பருந்துக் குஞ்சும் ஆந்தைக் குஞ்சும் முதலில் கிளைக்குத்தான் தாவும். இறக்கையை அடித்துப் பார்க்கும், தடுமாறும், சில சமயம் தரையில் வந்து உட்காரும். அது விபத்து அல்ல, பயிற்சி. கூட்டை விட்ட பிறகும் வாரக்கணக்கில் பெற்றோர்தான் இரை கொண்டுவந்து கொடுக்கும். “ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன், தாய் வரவே இல்லை” என்பார்கள். ஐயா, நீங்கள் நின்றதால்தான் அது வரவில்லை!

அடுத்தது அந்த வாடைக் கதை. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காதாம். இதை எத்தனை முறை மறுத்தாலும் மறுநாள் புதிதாக ஒருவர் வந்து சொல்வார். பருந்தும் ராஜாளியும் கண்ணால் வாழ்கிறவை. மோப்பத்தால் இரை தேடும் அமெரிக்கப் பிணந்தின்னிக் கழுகு வகைகள் உண்டு, ஆனால் அவை விதிவிலக்கு. இரவும் பகலும் அடைகாத்து வளர்த்த குஞ்சை உங்கள் விரல் பட்டதற்காக எந்தத் தாயும் தள்ளிவிடாது.

எனவே முதலில் இறகைப் பாருங்கள். உடல் முழுக்க வெண்பஞ்சு போலிருந்தால் அதன் இடம் கூடு. கூட்டை எட்ட முடியாவிட்டால், ஏறுவதற்கு முன் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள். இறகு முளைத்து, தலையில் மட்டும் பஞ்சு ஒட்டிக்கொண்டு, உங்களை முறைக்கிறதா? பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு விலகுங்கள். நாயையும் பூனையையும் கட்டிப்போடுங்கள்.

ரத்தம், தொங்கும் இறக்கை, மொய்க்கும் ஈ, பூனைக்கடி: இவை இருந்தால் தாமதிக்கக் கூடாது. தடித்த துண்டைப் போர்த்திக் கால்களைப் பிடியுங்கள். அலகுக்குப் பயந்து நகத்தில் மாட்டிக்கொள்கிறவர்களே அதிகம். காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டி போதும். உணவு வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், அது நுரையீரலுக்குப் போய்விடும். கம்பிக் கூண்டு கூடவே கூடாது. வால் இறகு ஒடிந்தால் அடுத்த முறை உதிர்ந்து முளைக்கும்வரை, ஏறக்குறைய ஓர் ஆண்டுகூட, பறவை என்னிடம்தான். (ஒடிந்த இறகில் வேறோர் இறகை ஒட்டவைக்கும் பழைய வித்தை உண்டு. அதற்காகவே ஒரு பெட்டி நிறைய இறகு வைத்திருக்கிறேன். அழகுக்கென்று யாரும் கேட்க வேண்டாம்.)

பறவை பார்ப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். தலைக்கு மேல் தாய் கத்திக்கொண்டே வட்டமிட்டால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். படம் எடுத்தது போதும், பின்வாங்குங்கள். கூடு இருக்கும் இடத்தை நாலு பேருக்கு அறிவிக்காதீர்கள்.

சென்ற வாரம் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். தூக்குவதற்கு முன்பே கேட்டாரே என்று எனக்கு வியப்பு. குஞ்சைக் கிளையில் விட்டுவிட்டு நன்றாகத் தள்ளிப்போய்ப் பைனாகுலரில் பாருங்கள் என்றேன். இருட்டும் நேரத்தில் மறுபடி அழைத்தார். தாய் ஓணானோடு வந்ததாம். குஞ்சு இறக்கையை விரித்து இரையை மூடிக்கொண்டு தாயையே விரட்டியதாம்.