ஒன்பதா, பத்தா, பதினொன்றா?

கடற்புல் வேரடியில் ஒரு கை சேறு அள்ளினால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. அந்தக் கருஞ்சேற்றிலும் நூல் போன்ற புழுக்கள் சௌகரியமாக வாழ்கின்றன. அவற்றை இனம் பிரிப்பதுதான் பெரும்பாடு.

அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சேற்றை அலசினால் மேலே நிற்பதில் பாதி வேர்த்துண்டும் நாரும்தான். புழுவும் நார் மாதிரியே இருந்து தொலைக்கும்! அதனால் ரோஸ் பெங்கால் என்ற சாயம் ஊற்றுவார்கள். சதையுள்ளது இளஞ்சிவப்பாகிவிடும், செத்த வேரில் நிறம் அவ்வளவாக ஏறாது. அப்புறம் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும்.

அதிகம் சிக்குபவை மண்புழுவின் கடல் உறவினர்களான பாலிகீட்டுகள். கண்டம் கண்டமான உடம்பு, பக்கவாட்டில் மயிர் போன்ற முட்கள். இவற்றில் கேபிடெல்லிட் குடும்பத்துப் புழுக்களுக்குத் தலையில் உணர்கொம்புகூடக் கிடையாது. வேறு வழியில்லை, முன்னுடலில் முள் உள்ள கண்டங்களை எண்ண வேண்டியதுதான். ஒன்பது என்றால் கேபிடெல்லா என்ற பேரினம். அதில் ஆணுக்கு எட்டாம், ஒன்பதாம் கண்டங்களின் முதுகில் தடித்த முட்கள் இருக்கும். பத்து என்றால் மீடியோமாஸ்டஸாக இருக்கலாம். பதினொன்று வந்தால் இன்னொரு கேள்வி: எல்லாம் நேர் முட்களா, ஆறாவது கண்டத்திலிருந்து கொக்கி முட்களா? நேராக இருந்தால் நோட்டோமாஸ்டஸ், கொக்கி என்றால் ஹெட்டரோமாஸ்டஸ். குட்டிப் புழுக்கள் இந்தக் கணக்குக்கு அடங்காது. வளர வளரச் சில கண்டங்களில் முள்ளின் வகையே மாறிவிடும்.

எண்ணி முடித்தாலும் நிம்மதி இல்லை. கேபிடெல்லா கேபிடேட்டா என்ற பெயரின் பிற்பாதி, 1780இல் கிரீன்லாந்துப் புழுவுக்கு இயற்கையியலாளர் ஃபாப்ரிசியஸ் வைத்தது. பிற்பாடு உலகத்தில் எங்கே மாசுபட்ட சேற்றைத் தோண்டினாலும் இதே பெயரை எழுதினார்கள். 1969இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வெஸ்ட் ஃபால்மவுத் கரையில் எண்ணெய் கொட்டியபோதும் இந்தப் புழு பெருகியது. ஆய்வாளர்களான ஜூடித், ஃபிரெடெரிக் கிராசில் தம்பதியர் அதன் நொதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே பெயருக்குள் ஆறு சிற்றினங்கள் ஒளிந்திருப்பதை 1976இல் காட்டினார்கள். வெளித்தோற்றத்தில் அநேகமாக ஒன்றுபோல. முட்டையின் அளவிலும் இனப்பெருக்க முறையிலும் வெவ்வேறு.

இன்று அந்த வேலையை டிஎன்ஏ செய்கிறது. ஆனால் புழுவைப் பதப்படுத்த வழக்கமாக ஊற்றும் ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். ஆகவே புழுவை எத்தனாலில் போட்டு, வால்துண்டை டிஎன்ஏவுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, முன்பாதியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். கண்டம் எண்ண அதுதானே வேண்டும்.