கேஸ் ஷீட்டில் 'அயோடின் அலர்ஜி' என்று இருந்தால்

கண்புரை அறுவைக்கு வந்தவர் "எனக்கு அயோடின் ஆகாது" என்றதும் பீட்டாடினை (பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி) ஒதுக்கிவிட்டு, ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தை மட்டும் நம்பி தியேட்டருக்குள் அனுப்புவது ஆபத்தான பழக்கம். அறுவைக்குப் பின் கண்ணுக்குள் சீழ் வைக்கும் கிருமிகள் பெரும்பாலும் நோயாளியின் இமையோரத்திலிருந்தே உள்ளே போகின்றன. இமைத் தோலில் 10 சதவீதப் பொவிடோன் அயோடின், கண்ணின் மேற்பரப்பில் 5 சதவீதம், குறைந்தது 3 நிமிடம்: அறுவைக்கு முன் கிருமியைக் குறைக்க இதற்கு ஈடான சான்றுள்ள வழி வேறில்லை.

அதனால் முதலில் விசாரியுங்கள். எதைப் போட்டபோது, என்ன ஆயிற்று, எவ்வளவு நேரத்தில்? இறால் சாப்பிட்டுத் தடித்ததென்றால் காரணம் டிரோபோமயோசின் என்ற புரதம், அயோடின் அல்ல. ஸ்கேனுக்கு ஏற்றிய சாய மருந்து ஒத்துக்கொள்ளாததும் பீட்டாடினைத் தவிர்க்கக் காரணமாகாது. தினம் உப்பில் அயோடின் சாப்பிடுகிறோமே! போன முறை கண் எரிந்து மறுநாள்வரை உறுத்தியது என்பார்கள். அது கருவிழியின் மேல்படலம் புண்பட்டதால் வருவது. மரப்புச் சொட்டு முதலில் விட்டு, நேரம் முடிந்ததும் சலைனால் தாராளமாகக் கழுவினால் பெரிதும் குறையும்.

பட்ட இடத்தில் கொப்புளம், அல்லது உடனே உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல் என்றால் நிச்சயம் தவிர்க்க வேண்டும். அப்போது தண்ணீரில் கரைத்த குளோர்ஹெக்சிடின் என்ற மாற்றுக் கிருமிநாசினி, 0.05 முதல் 0.1 சதவீதம். சுவீடனில் கண்புரை அறுவைக்கு 0.05 சதவீதம் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. கை கழுவும் 4 சதவீத குளோர்ஹெக்சிடின் சோப்புக் கரைசலோ, ஸ்பிரிட் கலந்த தோல் மருந்தோ கண்ணில் பட்டால் கருவிழி நிரந்தரமாக வெளுத்துப்போகலாம். இமைத் தோலில் தடவியதும் உள்ளே வழியும் என்பதால், வெளியே தடவவும் தண்ணீர்க் கரைசலே வேண்டும். பாட்டிலில் 0.05 என்றிருக்கிறதா, 0.5 என்றிருக்கிறதா என்பதை இருவர் படித்துப் பாருங்கள். தியேட்டரில் அவசரமாகக் கலக்காதீர்கள்.

இன்னொன்று, அயோடினின் பழுப்பு நிறம் குளோர்ஹெக்சிடினில் கிடையாது. எங்கே தடவினோம், எங்கே விட்டோம் என்று தெரியாது. ரெப்பை முடியின் அடி, மூக்கோரம், புருவம் என்று வரிசையாகப் போங்கள். டிராலியில் சலைன் கிண்ணத்துக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. ஊற்றும்போதே கிண்ணத்தில் பெயர் ஒட்டி, தடவி முடிந்ததும் அப்புறப்படுத்திவிட வேண்டும்.

லிக்னோகெய்ன் என்ற மரப்பு ஜெல் போடுவதானால் கிருமிநாசினிக்குப் பிறகே. முன்னால் போட்டால் திரைபோல் படிந்து மருந்தைத் தடுத்துவிடும். குளோர்ஹெக்சிடினுக்கும் கடுமையான அலர்ஜி உண்டு, அதையும் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.